வாதத்தை உடைக்கும் ஆப்ஷன் எது? வீக்கன் கேள்விகளுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட், அமெரிக்கச் சட்டப் படிப்புக்கான எல்சாட், இந்தியச் சட்டப் படிப்புக்கான கிளாட் என எந்த நுழைவுத் தேர்வுக்குப் படித்தாலும், வாதங்களை எடைபோடச் சொல்லும் கிரிட்டிக்கல் ரீசனிங்கில் (எல்சாட்டிலும் கிளாட்டிலும் இதன் பெயர் லாஜிக்கல் ரீசனிங்) ஒரு வகைக் கேள்வி தப்பாமல் வரும். நாலைந்து வரியில் ஒரு வாதம். அதன் கீழே, "பின்வருவனவற்றுள் எது உண்மையானால் மேற்கண்ட வாதத்தை மிகவும் பலவீனப்படுத்தும்?" என்றொரு கேள்வி. ஜிமேட்டிலும் எல்சாட்டிலும் ஐந்து ஆப்ஷன்கள், கிளாட்டில் நான்கு. கோச்சிங் வகுப்புகளில் இதை 'வீக்கன் கேள்வி' என்பார்கள்.

புதிதாகப் படிக்க வருபவர்கள் பெரும்பாலும் வாதத்தை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு, ஆப்ஷன்களில் எது எதிர்க்கட்சிக்காரர் மாதிரிப் பேசுகிறதோ அதை டிக் செய்துவிடுகிறார்கள். கேள்வி எழுதுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எதிர்க்கிற தொனி இருக்கும், ஆனால் வாதத்தின் மேல் கை படாது. அப்படி ஒன்றிரண்டு ஆப்ஷனை வேண்டுமென்றே வைப்பார்கள். தொனியை விட்டுவிட்டு ஆப்ஷனை எடைபோடப் பழகுவதற்குத்தான் இந்தக் கட்டுரை.

இந்தப் பழக்கத்துக்கு இப்போது மதிப்பும் கூடியிருக்கிறது. எல்சாட்டில் 2024 ஆகஸ்டு முதல் லாஜிக் கேம்ஸ் எனும் தர்க்கப் புதிர்ப் பகுதி இல்லை. அதற்குப் பதில் மதிப்பெண்ணுக்குரிய லாஜிக்கல் ரீசனிங் பகுதிகள் இரண்டாகிவிட்டன. ஜிமேட்டின் இப்போதைய வடிவத்தில், வாக்கியப் பிழை திருத்தும் சென்டன்ஸ் கரெக்‌ஷன் போய்விட்டது. வெர்பல் பகுதியில் மிச்சம் இருப்பது வாசிப்புப் பத்திகளும் கிரிட்டிக்கல் ரீசனிங்கும் மட்டும்.

முதலில் கேள்வியைப் படியுங்கள்

வாதத்துக்கு முன்னால் கேள்வி வரியைப் படித்துவிடுங்கள். வலுப்படுத்தச் சொல்கிறார்களா, வலுவிழக்கச் செய்யச் சொல்கிறார்களா என்பது தெரியாமல் வாதத்தைப் படித்தால், அதையே இன்னொரு முறை படிக்க வேண்டி வரும்.

கேள்வி வரியில் இரண்டு சொற்களை மறக்கக் கூடாது. ஒன்று, 'உண்மையானால்'. ஆப்ஷனில் இருப்பது நிஜமாகவே நடக்குமா என்று நீங்கள் யோசிக்க வேண்டியதே இல்லை. "அதெப்படி, ஒரு மாதத்தில் பாதிப் பேர் மாறிவிடுவார்களா?" என்று சந்தேகப்பட்டு நல்ல விடையை ஒதுக்கிவிடுபவர்கள் நிறைய. உண்மை என்று வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள், வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றது, 'மிகவும்'. ஒன்றுக்கு மேற்பட்ட ஆப்ஷன்கள் வாதத்தை லேசாக அசைக்கலாம். அதிகம் அசைப்பது எது என்பதுதான் கேள்வி. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம்: வாதத்தைத் தரைமட்டமாக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆப்ஷனைப் படித்த பிறகு முடிவை நம்புவது முன்பைவிடக் கடினமாகிறதா? அவ்வளவு போதும். 'இது முடிவைத் தவறு என்று நிரூபிக்கவில்லையே' என்று சரியான விடையைத் தள்ளிவிடாதீர்கள்.

முடிவு எது?

வாதம் என்பது ஆதாரமும் முடிவும். முடிவு என்பது பேசுபவர் உங்களை நம்பவைக்க விரும்பும் சங்கதி. மற்றதெல்லாம் அதற்கான துணை. தமிழில் நாம் வாதம் செய்யும்போது காரணங்களை அடுக்கிவிட்டு 'ஆகவே' என்று கடைசியில் முடிவுக்கு வருவோம். ஆங்கிலத் தேர்வுப் பத்திகளில் இந்த வரிசையை நம்ப முடியாது. முடிவு முதல் வரியிலேயே வந்துவிட்டு, அடுத்த வரி 'ஸின்ஸ்', 'ஃபார்', 'ஆஃப்டர் ஆல்' என்று காரணத்தோடு தொடங்கலாம். 'தேர்ஃபோர்', 'தஸ்' போன்றவை எங்கும் இல்லாத பத்திகளும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் சந்தேகத்துக்குரிய இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே 'ஏனென்றால்' என்று போட்டுப் பாருங்கள். எந்தப் பக்கமிருந்து படித்தால் பொருள் வருகிறதோ, அதில் முன்னால் நிற்பது முடிவு.

ஒரு மாதிரிக் கேள்வியை எடுத்துக்கொள்வோம்.

ஒரு நகரத்தின் பேருந்துக் கழகம் சென்ற ஏப்ரலில் தன் எல்லாப் பேருந்துகளிலும் கேமரா பொருத்தியது. அதற்கு முந்தைய ஓராண்டில் பேருந்தில் பிக்பாக்கெட் நடந்ததாக 1,200 புகார்கள் வந்தன. பொருத்திய பிறகான ஓராண்டில் வந்தவை 700. ஆகவே, கேமராக்கள் பேருந்துகளில் பிக்பாக்கெட்டைக் குறைத்துவிட்டன.

முடிவு கடைசி வரி. அதை அப்படியே சொல்லுக்குச் சொல் பிடித்துக்கொள்ளுங்கள். 'கேமரா நல்லது' என்பது முடிவு அல்ல. 'பிக்பாக்கெட் ஒழிந்தது' என்பதும் அல்ல. குறைத்தது கேமரா, குறைந்தது பிக்பாக்கெட், இடம் இந்த நகரத்தின் பேருந்து. பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. முடிவை மனதில் தளர்வாகச் சுருக்கி வைத்துக்கொண்டால், அந்தத் தளர்வான வடிவத்தை உடைக்கும் ஆப்ஷன் ஒன்று கண்டிப்பாகக் காத்திருக்கும்.

ஆப்ஷனுக்குப் போகும் முன் ஓட்டையைத் தேடுங்கள்

ஆதாரம் பேசுவது புகார்களைப் பற்றி. முடிவு பேசுவது பிக்பாக்கெட்டைப் பற்றி. இரண்டும் ஒன்றல்ல. அடுத்தது, ஆதாரம் சொல்வது 'கேமரா வந்தபின் குறைந்தது'. முடிவு சொல்வது 'கேமராவால் குறைந்தது'. இந்த இரண்டு தாவல்களையும் வாதம் சத்தமில்லாமல் செய்திருக்கிறது. தாண்டும்போது அது சில விஷயங்களைச் சொல்லாமலேயே ஊகித்துக்கொள்கிறது: புகார் கொடுக்கும் வழக்கம் மாறவில்லை, பயணிகள் எண்ணிக்கை மாறவில்லை, அந்த ஓராண்டில் திருட்டைக் குறைக்கும் வேறெதுவும் நடக்கவில்லை. வீக்கன் ஆப்ஷன் என்பது இப்படி ஒரு ஊகத்தை இல்லை என்று சொல்லும் தகவல்.

இதற்குப் பத்துப் பதினைந்து விநாடி செலவழித்தால் போதும். விடையை முன்கூட்டியே கண்டுபிடித்துவிட வேண்டும் என்று சில பயிற்சியாளர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடு இல்லை. குறிப்பிட்ட ஒரு விடையை எதிர்பார்த்துக்கொண்டு போனால், அது இல்லாதபோது கை நடுங்கிவிடும். ஓட்டை எங்கே என்று தெரிந்தால் போதும். அதன் வழியே எது நுழையும் என்பதை ஆப்ஷன்கள் சொல்லும்.

சரி, ஆப்ஷன்கள்:

அ) கேமரா பொருத்துவதற்கு, திட்டமிட்டதைவிட இரண்டு மடங்கு செலவானது.
ஆ) கேமரா பொருத்திய அதே மாதத்தில் நகரில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கி, பேருந்துப் பயணிகளில் பாதிப் பேர் அதற்கு மாறிவிட்டனர்.
இ) வேறு சில நகரங்களில் பேருந்துகளில் கேமரா பொருத்திய பிறகும் பிக்பாக்கெட் புகார்கள் குறையவில்லை.
ஈ) கேமரா வந்த பிறகு பதிவான புகார்களில் பெரும்பாலானவை, கேமராவின் பார்வை எட்டாத படிக்கட்டுப் பகுதியில் நடந்தவை.
உ) கேமரா வந்த பிறகும் பல பயணிகள் பேருந்தில் பர்ஸைப் பறிகொடுத்திருக்கிறார்கள்.

அ-வில் கேமராவைப் பற்றி ஒரு குறை இருக்கிறது. எதிர்க்கட்சித் தொனி என்று சொன்னேனே, அது இதுதான். முடிவில் செலவு பற்றிப் பேச்சே இல்லை. கேமராவுக்குக் கோடிக் கணக்கில் கொட்டியிருந்தாலும் அது திருட்டைக் குறைத்திருக்கலாம். 'கேமரா பொருத்தியது புத்திசாலித்தனமான முடிவு' என்று வாதம் சொல்லியிருந்தால் இதே ஆப்ஷனுக்கு வேலை இருந்திருக்கும்.

உ-வைப் படித்ததும் 'பார்த்தீர்களா, கேமரா இருந்தும் திருட்டு நடக்கிறது' என்று தோன்றும். ஆனால் 700 புகார்கள் வந்ததாக வாதமே ஒப்புக்கொண்டுவிட்டது. குறைந்தது என்றுதான் சொன்னார்கள், நின்றது என்று சொல்லவில்லை. வாதம் ஏற்கெனவே சொன்னதை வேறு சொற்களில் திருப்பிச் சொல்லும் ஆப்ஷன் எதையும் உடைக்காது.

ஈ கொஞ்சம் விஷமமானது. கேமரா எல்லா இடத்தையும் பார்க்கவில்லை என்று குறை சொல்வதுபோல் இருக்கிறது. நிதானமாக யோசித்தால், கேமரா பார்க்கும் இடத்தில் திருட்டு அரிதாகி, பார்க்காத இடத்துக்கு ஒதுங்கியிருக்கிறது என்று பொருள்படுகிறது. அப்படியென்றால் கேமராவுக்குத் திருடர்கள் பயப்படுகிறார்கள்! இது வாதத்துக்கு ஆதரவு. கேமரா வருவதற்கு முன்பும் படிக்கட்டில்தான் அதிகம் நடந்தது என்றால் இந்தத் தகவலால் எந்தப் பயனும் இல்லை. எப்படிப் பார்த்தாலும் இது எதிர்ப்பு ஆகாது. அவசரத்தில் இப்படித் தலைகீழ் ஆப்ஷனில் விழுவது நன்றாகப் படித்தவர்களுக்கும் நடக்கும். கடினமான கேள்விகளில் இந்த வகையை எதிர்பாருங்கள்.

இ-யை ஒரேயடியாக ஒதுக்க முடியாது. வேறு இடங்களில் பலிக்கவில்லை என்றால் இங்கேயும் சந்தேகம் கொஞ்சம் வரத்தான் செய்யும். ஆனால் 'சில' என்ற சொல்லைப் பாருங்கள். இரண்டு நகரங்களாக இருக்கலாம். அங்கே கேமரா பழுதாகிக் கிடந்திருக்கலாம். வாதமோ இந்த நகரத்தைப் பற்றியது, இந்த நகரத்தில் எண்ணிக்கை உண்மையிலேயே இறங்கியிருக்கிறது. அந்த இறக்கத்துக்கு வேறு விளக்கம் எதையும் இ தரவில்லை.

ஆ தருகிறது. பயணிகள் பாதியானால், மற்றெல்லாம் அப்படியே இருந்தாலும் புகார்கள் 1,200-லிருந்து 600 பக்கம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கியதோ 700 வரைதான். ஒரு பயணிக்கு இத்தனை என்று கணக்குப் பார்த்தால் பிக்பாக்கெட் கூடியிருக்கிறது! கேமராவுக்குக் கொடுத்த பெருமை முழுவதும் ஆட்டம் காண்கிறது. விடை ஆ.

'ஆனால் பத்தியில் மெட்ரோ என்ற பேச்சே இல்லையே, அது சம்பந்தமில்லாத விஷயம் அல்லவா?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 'பத்திக்கு வெளியே உள்ளதைத் தேர்ந்தெடுக்காதே' என்று வாசிப்புப் பத்திகளுக்குச் சொல்லிக்கொடுத்த விதியை இங்கே கொண்டுவந்து மாட்டிக்கொள்கிறார்கள். வீக்கன் கேள்வியில் சரியான விடை பெரும்பாலும் புதிய தகவலாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது அந்தத் தகவல் பத்தியில் இருக்கிறதா என்பதல்ல, முடிவைத் தொடுகிறதா என்பது. அதேபோல 'எல்லாரும்', 'ஒருபோதும் இல்லை' போன்ற அழுத்தமான சொற்களைக் கண்டு இங்கே ஒதுங்க வேண்டாம். பத்தியிலிருந்து என்ன பெறப்படுகிறது என்று கேட்கும் கேள்விகளில் அவை ஆபத்து. இங்கே ஆப்ஷன் உண்மை என்று முன்பே ஒப்புக்கொண்டுவிட்டோம், ஆகையால் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு நல்லது. பயப்பட வேண்டியது 'சில', 'சிலர்', 'சில சமயம்' போன்ற மெலிந்த சொற்களுக்குத்தான்.

அதே தகவல், வேறு முடிவு

ஒரு தகவல் தானாக எதையும் பலவீனப்படுத்துவதில்லை. எந்த முடிவுக்கு எதிரே அதை நிறுத்துகிறோம் என்பதுதான் கணக்கு. இதைப் பழக, செயற்கையான கேள்விகளைவிட வரலாற்றில் நடந்த ஒரு விவாதம் நன்றாக உதவும்.

1854 ஆகஸ்டு இறுதியில் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவி, அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மருத்துவர் ஜான் ஸ்னோ, இறப்புகள் பிராட் தெருவில் இருந்த தண்ணீர்ப் பம்பைச் சுற்றியே குவிந்திருப்பதைக் கவனித்தார். அவர் வற்புறுத்தியதால் செப்டம்பர் 8 அன்று உள்ளூர் நிர்வாகம் பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிட்டது. கொள்ளைநோய் அடங்கியது.

இதிலிருந்து பலர் எடுக்கும் முடிவு: கைப்பிடியைக் கழற்றியதால்தான் காலரா நின்றது. இதைப் பலவீனப்படுத்தும் தகவலை ஸ்னோவே எழுதிவைத்திருக்கிறார். நோய் தொடங்கியதுமே மக்கள் அந்தப் பகுதியை விட்டு ஓடத் தொடங்கிவிட்டார்கள். பம்பை நிறுத்துவதற்கு முன்பே புதிதாக நோய்வாய்ப்படுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. நம் பேருந்துக் கேள்வியின் மெட்ரோவும் இதுவும் ஒரே வேலையைச் செய்கின்றன.

இப்போது முடிவை மாற்றுங்கள்: 'அந்தப் பம்பின் தண்ணீர்தான் காலராவைப் பரப்பியது.' ஆதாரம், இறப்புகள் பம்பைச் சுற்றிக் குவிந்தது. கைப்பிடி கழற்றும் முன்பே நோய் குறைந்தது என்ற அதே தகவல் இந்த முடிவை என்ன செய்கிறது? கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. குடித்தவர்கள் ஓடிப்போனதால் குறைந்திருக்கலாம். தண்ணீர் மேல் இருந்த சந்தேகம் அப்படியே நிற்கிறது.

இந்த இரண்டாவது முடிவை அசைக்க வேறொன்று வேண்டும். அந்தக் காலத்தில் பெரும்பாலான மருத்துவர்கள் காலரா கெட்ட காற்றால் வருகிறது என்று நம்பினார்கள். பம்புக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் ஒரே தண்ணீரைக் குடித்தார்கள், ஒரே காற்றையும் சுவாசித்தார்கள். ஆகவே 'அந்தப் பகுதியின் காற்று நகரிலேயே மோசமானது' என்பது ஸ்னோவின் வாதத்துக்கு எதிரே வைக்கக்கூடிய நல்ல வீக்கன் ஆப்ஷன். குவிந்திருப்பதை அதுவும் விளக்குகிறது அல்லவா?

இனி காற்றுக் கட்சியின் வாதத்தை உடைப்போம். ஸ்னோவின் குறிப்புகளில் இரண்டு செய்திகள் உண்டு. பிராட் தெருவிலேயே இருந்த மதுபான ஆலையில் எழுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். அவர்களில் ஒருவருக்கும் காலரா கடுமையாக வரவில்லை. அவர்களுக்கு ஆலையிலேயே மது கொடுக்கப்பட்டது, உள்ளே தனிக் கிணறும் இருந்தது. இரண்டாவது, சோஹோவிலிருந்து பல மைல் தள்ளி ஹாம்ப்ஸ்டெட்டில் வசித்த ஒரு விதவைப் பெண்மணி. முன்பு பிராட் தெருவில் வாழ்ந்தவர், அந்தத் தண்ணீரின் சுவை பிடித்துப்போய் தினமும் வண்டியில் ஒரு பாட்டில் வரவழைத்துக் குடித்தவர். அவர் காலராவில் இறந்தார். முதல் செய்தி: காற்று இருந்தது, நோய் இல்லை. இரண்டாவது செய்தி: காற்று இல்லை, நோய் வந்தது. 'இதனால்தான் அது' என்று சொல்லும் எந்த வாதத்தையும் இந்த இரண்டு பக்கத்திலிருந்தும் தாக்கலாம்: காரணம் இருந்தும் விளைவு இல்லாத இடம், காரணம் இல்லாமலேயே விளைவு வந்த இடம். தேர்வு ஆப்ஷன்களில் இந்த இரண்டு உருவங்களும் திரும்பத் திரும்ப வரும்.

வாதங்களின் சில சாயல்கள்

காரண–விளைவு வாதத்தை மேலே போதுமான அளவு பார்த்துவிட்டோம். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: காரணமும் விளைவும் இடம் மாறியிருக்கலாம். 'உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவர்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள், எனவே அது ஆரோக்கியம் தருகிறது' என்றால், ஏற்கெனவே ஆரோக்கியமாக இருப்பவர்கள்தான் அங்கே சேருகிறார்கள் என்ற ஆப்ஷன் அதைத் திருப்பிப் போட்டுவிடும்.

சதவீத வாதங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973-ல் மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் சுமார் 44 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது, பெண்களில் சுமார் 35 சதவீதம் பேருக்கு. முடிவு: சேர்க்கையில் பெண்களுக்கு எதிராகப் பாரபட்சம் காட்டப்பட்டது. இதைப் பலவீனப்படுத்திய தகவல் 1975-ல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வில் இருந்தது. துறை துறையாகப் பிரித்துப் பார்த்தபோது அந்த இடைவெளி மறைந்துவிட்டது. பெண்கள் அதிகமாக விண்ணப்பித்தவை, யாருக்குமே இடம் கிடைப்பது கடினமான துறைகள். பள்ளியிலிருந்தே பெண்கள் சில துறைகளின் பக்கம் தள்ளப்படுகிறார்களா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. சேர்க்கைக் குழு பாரபட்சம் காட்டியது என்ற குறிப்பிட்ட முடிவு மட்டும்தான் இங்கே அடிபடுகிறது. மொத்தச் சதவீதத்தை வைத்து வாதம் வந்தால், உள்ளே இருக்கும் குழுக்களின் கலவை ஒன்றாக இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

திட்ட வாதங்கள் 'இதைச் செய்தால் அது நடக்கும்' என்ற வடிவில் வரும். கடைகளில் பிளாஸ்டிக் பைக்குக் கட்டணம் வைத்தால் வீட்டுக் குப்பையில் பிளாஸ்டிக் குறையும் என்கிறது ஒரு வாதம். பெரும்பாலான வீடுகள் கடைப் பையைத்தான் குப்பைக் கூடையில் போட்டுப் பயன்படுத்துகின்றன, அது கிடைக்காவிட்டால் அதைவிடத் தடித்த குப்பைப் பைகளை விலைக்கு வாங்குவார்கள் என்பது அதற்கான எதிர்ப்பு. இங்கே குறியை மறக்கக் கூடாது. குறி, பிளாஸ்டிக் குறைவது. மக்கள் கோபப்படுவார்கள், கடைக்காரர்களுக்குச் சிரமம் என்பவை குறியைத் தொடாதவரை ஆப்ஷனாகத் தேறாது.

கருத்துக்கணிப்பு வாதம் என்றால் யாரைக் கேட்டார்கள் என்று பாருங்கள். ஒப்பீட்டு வாதம் என்றால் ஒப்பிடும் இரண்டும், முடிவுக்குத் தேவையான அந்த ஒரு விஷயத்தில் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். இவை அவ்வளவு கஷ்டமில்லை.

இரண்டு ஆப்ஷன் மிச்சம் இருக்கும்போது

மூன்றை அடித்துவிட்டு இரண்டுக்கு நடுவே நிற்பது எல்லாருக்கும் நடப்பது. அந்த இரண்டையும் மாறி மாறிப் படித்துக்கொண்டே இருப்பதால் நேரம்தான் போகும். முடிவு வாக்கியத்துக்குத் திரும்பிப் போங்கள். முடிவைச் சொல்லி, 'ஆனால்' போட்டு, ஆப்ஷனைச் சேர்த்துப் படியுங்கள். "கேமராக்கள் பிக்பாக்கெட்டைக் குறைத்தன, ஆனால் பயணிகளே பாதியாகிவிட்டார்கள்." ஒட்டுகிறது. "கேமராக்கள் பிக்பாக்கெட்டைக் குறைத்தன, ஆனால் செலவு இரு மடங்கு." இரண்டும் தனித்தனியாகத் தொங்குகின்றன.

அப்படியும் தெளியவில்லையா? ஒவ்வொரு ஆப்ஷனும் வாதத்தைத் தாக்க, நீங்கள் பக்கத்தில் நின்று எவ்வளவு கதை சேர்க்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். 'இப்படி இருந்தால், அதனால் அப்படி நடந்தால், அப்போது வேண்டுமானால்' என்று நீங்களே வக்கீலாக வாதாட வேண்டியிருந்தால் அது தவறான விடை. சரியான விடை உங்கள் உதவியில்லாமல் தானே நிற்கும். புத்திசாலி மாணவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். எந்த ஆப்ஷனுக்கும் ஒரு கதை கட்டிவிடும் திறமை அவர்களுக்கு இருக்கிறது, அதுவே வினை.

இன்னொரு வகை, எல்சாட்டில் அவ்வப்போது தலைகாட்டும் 'எக்ஸெப்ட்' கேள்வி. 'பின்வருவனவற்றுள் ஒன்றைத் தவிர மற்றவை வாதத்தைப் பலவீனப்படுத்தும்' என்பார்கள். வலுப்படுத்தும் ஆப்ஷன் எங்கே என்று தேடாதீர்கள். அது வலுப்படுத்த வேண்டும் என்றில்லை. சும்மா சம்பந்தமில்லாமல் நின்றாலே போதும். கையில் தாள் இருந்தால் ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் எதிராக 'உடைக்கும்', 'உடைக்காது' என்று குறித்துக்கொண்டே போவது பாதுகாப்பு.

நேரமும் பயிற்சியும்

ஜிமேட் வெர்பலில் 45 நிமிடத்தில் 23 கேள்விகள். ஒன்றுக்கு இரண்டு நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. எல்சாட்டில் 35 நிமிடத்தில் ஏறக்குறைய 25. கிளாட்டில் 120 நிமிடத்தில் 120. இருக்கும் நேரத்தில் பாதியை வாதத்துக்கே கொடுங்கள். வாதம் தெளிவானால் தவறான ஆப்ஷன்கள் வேகமாக விழும். வாதத்தை அவசரமாகப் படித்து ஆப்ஷன்களில் நேரத்தைக் கொட்டுவது மிக மோசமான கணக்கு.

எல்சாட்டில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை, எதையும் காலியாக விடாதீர்கள். கிளாட்டில் தவறுக்குக் கால் மதிப்பெண் போகும். நான்கில் இரண்டை நம்பிக்கையோடு அடிக்க முடிந்தால் மிச்சத்தில் ஒன்றைத் துணிந்து தேர்ந்தெடுக்கலாம், சராசரியில் லாபம்தான்.

பயிற்சிக்குத் தேர்வு நடத்துபவர்களே வெளியிடும் கேள்விகளை முதலில் எடுங்கள். எல்சாட்டுக்கு அதை நடத்தும் அமைப்பின் லாஹப் (LawHub) தளத்தில் இலவச மாதிரித் தேர்வுகள் இருக்கின்றன, ஜிமேட்டின் அதிகாரப்பூர்வத் தளத்தில் இரண்டு இலவசமாகக் கிடைக்கின்றன, கிளாட்டின் பழைய வினாத்தாள்களைத் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பே வெளியிடுகிறது. மற்றவர்கள் எழுதும் கேள்விகளில் இரண்டு விடைகளுக்கு நியாயம் சொல்ல முடிவது சகஜம். அவற்றில் பழகினால் தீர்ப்புச் சொல்லும் திறன் கெட்டுப்போகும். தவறிய கேள்விக்கு எதிரே 'கவனக்குறைவு' என்று எழுதிவிட்டு நகர வேண்டாம். தவறான ஆப்ஷன் ஏன் பிடித்தது, சரியான ஆப்ஷன் ஏன் பிடிக்கவில்லை, இரண்டையும் ஒவ்வொரு வரியில் எழுதுங்கள். அப்புறம் பார்த்தால் உங்கள் சறுக்கல்களில் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருவது தெரியும்.

கடைசியாக ஒன்றை நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஒரு பதிப்பகம் ஆண்டுதோறும் புத்தகக் காட்சியில் மட்டும் தன் நூல்களை 20 சதவீதத் தள்ளுபடியில் விற்கிறது. காட்சி நடக்கும் மாதத்தில் அது விற்கும் பிரதிகள் மற்ற மாதங்களின் சராசரியைப் போல் மூன்று மடங்கு. ஆகவே, இதே தள்ளுபடியை ஆண்டு முழுவதும் கொடுத்தால் ஆண்டு மொத்தத்தில் விற்கும் பிரதிகள் கணிசமாகக் கூடும்.

அ) தள்ளுபடி கொடுத்தால் ஒவ்வொரு பிரதியிலும் பதிப்பகத்துக்குக் கிடைக்கும் லாபம் குறையும்.
ஆ) காட்சியில் தள்ளுபடியே கொடுக்காத பதிப்பகங்களும் அந்த மாதத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு பிரதிகளை விற்கின்றன.
இ) காட்சியில் இந்தப் பதிப்பகத்தின் நூல்களை வாங்கியவர்களில் சிலர், தள்ளுபடி இல்லாவிட்டாலும் வாங்கியிருப்பார்கள்.
ஈ) வேறு சில பதிப்பகங்கள் காட்சியில் 20 சதவீதத்துக்கும் மேல் தள்ளுபடி கொடுக்கின்றன.

வாதத்தின் தாவல், காட்சியில் விற்பனை கூடியதற்குத் தள்ளுபடிதான் காரணம் என்பது. அ லாபத்தைப் பற்றியது, முடிவோ பிரதிகளின் எண்ணிக்கையைப் பற்றியது. ஈ-யில் மற்றவர்கள் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதற்கும் இவர்களுடைய ஆண்டுக் கணக்குக்கும் தொடர்பு காட்ட நீங்கள் நிறையக் கதை சேர்க்க வேண்டும். இ சரியான திசையில்தான் போகிறது, ஆனால் 'சிலர்' என்பது பத்துப் பேராகவும் இருக்கலாம். ஆ-வில் தள்ளுபடி இல்லை, மூன்று மடங்கு விற்பனை மட்டும் இருக்கிறது; ஹாம்ப்ஸ்டெட் பெண்மணியின் செய்தியும் இதே உருவம்தான். விற்பனையைக் கூட்டியது காட்சியின் கூட்டம் என்றால், காட்சி இல்லாத பதினோரு மாதங்களில் தள்ளுபடி கொடுத்து என்ன ஆகப்போகிறது? விடை ஆ. 'வாசகர்கள் ஆண்டு முழுவதும் வேண்டிய புத்தகங்களைப் பட்டியல் போட்டுவைத்து அந்த ஒரு மாதத்தில் மொத்தமாக வாங்குகிறார்கள்' என்று ஓர் ஆப்ஷன் வந்திருந்தாலும் அதே ஓட்டை வழியாக நுழைந்திருக்கும். அதுவும் ஆ-வும் ஒரே கேள்வியில் வந்தால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். என் கை ஆ பக்கம்தான் போகும், ஏனென்றால் அது தள்ளுபடி இல்லாத இடத்தையே நேராகக் காட்டிவிடுகிறது.